தகப்பனும் மகனும் செய்த கிற்றார்

வீட்டிலேயே மின் கிற்றார் செய்ய முனைவோர் பெரும்பாலும் மரத்தைப் பற்றியே கவலைப்படுவர். உண்மையான சோதனை மரவேலை முடிந்த பின்னரே தொடங்குகிறது. கம்பிகளின் அதிர்வைப் பிடிக்கும் ‘பிக்கப்’ என்பது, காந்தத்தைச் சூழ மெல்லிய செப்புக்கம்பியை ஆயிரக்கணக்கான முறை சுற்றிய சுருள். இசையை மட்டுமல்ல, அறையின் குழல்விளக்கு எழுப்பும் இரைச்சலையும் அது பிடித்துவிடும்.

இலண்டனுக்கு மேற்கேயுள்ள பெல்தம் என்னும் ஊரில் 1963 ஆகஸ்டில் இத்தகைய முயற்சியொன்று தொடங்கியது. பிறையன் மே அப்போது பதினாறு வயது மாணவன். கடையில் விற்ற அமெரிக்கக் கிற்றாரை வாங்க வீட்டில் வசதியில்லை. தகப்பனார் ஹரோல்ட் மே மின்னணுவியல் வரைஞர். வானொலிப் பெட்டி முதல் வீட்டுப் பொருள்கள் பலவற்றைத் தாமே செய்தவர்.

கிற்றாரின் கழுத்து, நூறாண்டு பழைய கணப்படுப்பின் மஹோகனிச் சட்டம். அதிலிருந்த புழுத்துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தனர். உடலின் நடுப்பகுதி பழைய ஓக் மேசை. விரற்பலகையின் வெண்புள்ளிகள் தாயாரின் தையற்பெட்டியிலிருந்த சிப்பித் தெறிகள். கம்பிகளின் இழுவையைச் சமன்செய்தவை 1928 ஆம் ஆண்டுப் பந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வுச் சுருள்வில்கள் இரண்டு. மொத்தச் செலவு எட்டுப் பவுண் எனச் சொல்லப்படுகிறது.

இரைச்சல்தான் பிடிவாதக்காரன். கிற்றார் செய்வோர் உட்குழிகளில் செம்புத்தாள் ஒட்டி, அதனைப் புவித்தொடுப்புடன் இணைப்பர். 1836 இல் மைக்கல் பரடே காட்டிய கூண்டின் தத்துவமே இது. வெளியிலிருந்து வரும் மின்புலம் உள்ளே புகாது. ஆயினும் மின்மாற்றியின் காந்த முணுமுணுப்பை மெல்லிய செம்புத்தாள் தடுக்காது. அதற்கென 1955 இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் எதிரெதிராக இயங்கும் இரட்டைச் சுருளை வகுத்திருந்தார். செம்புத்தாள் ஒட்டியும் இரைச்சல் ஓயவில்லையே என வியப்போர் இந்த வேறுபாட்டை அறிவது நன்று.

மூன்றாவது தொல்லை வேறு வகை. சுருளின் தளர்ந்த கம்பிகள் தாமே அதிர்ந்தால், ஒலிபெருக்கி கீச்சிடும். மே தாமே சுற்றிய பிக்கப்கள், கம்பியை விரலால் வளைக்கும்போது கரகரத்தன. ஆகவே பேர்ன்ஸ் நிறுவனத்தின் மூன்று பிக்கப்களை வாங்கி, அவற்றினுள் அரல்டைற் பசையை ஊற்றி இறுகச் செய்தார். இரைச்சலை வெல்ல அவர் கையாண்ட வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே, மலிவானது, நிரந்தரமானது. இறுதியாக ரஸ்ரின்ஸ் பிளாஸ்ரிக் மெருகைப் பல பூச்சுகளாகப் பூசியதும், மஹோகனித் தகட்டின் செந்நிறம் மிளிர்ந்தது. ‘றெட் ஸ்பெஷல்’ என்ற பெயர் அந்த நிறத்தால் வந்தது.

இத்தனைக்கும் துணைநின்ற தகப்பனாரே, மகன் வானியல் ஆய்வைக் கைவிட்டுக் குயீன் இசைக்குழுவே கதியெனச் சென்றபோது மனம் நொந்தார். கொன்கோட் விமானத்தின் தரையிறங்கு கருவிகளில் பணியாற்றியவர் அவர். பின்னாளில் மகன் அதே விமானத்தில் பெற்றோரை நியூயோர்க்குக்கு அழைத்துச் சென்று, மடிசன் ஸ்குவயர் கார்டன் அரங்கில் அமரவைத்தார். இசை நிகழ்ச்சி முடிந்ததும், தமக்கு இப்போது விளங்குகிறது என்று தகப்பனார் ஒப்புக்கொண்டாராம். 1998 இல் அவுஸ்திரேலியக் கைவினைஞர் கிரெக் பிறையர் அக் கிற்றாரின் தேய்ந்த மெருகைச் சீர்செய்தபோது, ஹரோல்ட் மறைந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன.