வீட்டுக்குள்ளேயே ஆன்டெனா... 5 வாட்டில் சென்னை, கொழும்பு வரை பேச முடியுமா? ஹாம் ரேடியோ 'லூப்' சொல்லும் கணக்கு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு சிக்கி நின்றது. பல ஊர்களில் முதலில் கரண்ட் போனது, பின்னாடியே செல்போன் சிக்னலும் போனது.

டவர், இன்டர்நெட், இ.பி. லைன் எதையும் நம்பாமல் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் பேச வழி இருக்கிறதா? இருக்கிறது. அதுதான் அமெச்சூர் ரேடியோ, அதாவது ஹாம் ரேடியோ. 2004 டிசம்பரில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையிலான குழு, பொழுதுபோக்கு ஒலிபரப்புக்காகத்தான் அந்தமான் போயிருந்தது. 26ஆம் தேதி சுனாமி அடித்ததும், அந்த ஹாபி ரேடியோவே போர்ட் பிளேரிலிருந்து வெளியுலகத்துக்குத் தகவல் சொல்லும் வழியாக மாறியது.

ஆனால் ஹாம் ரேடியோவுக்கு ஆன்டெனா வேண்டுமே? சங்கரன்கோவில் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய தெரு வீடுகளில், அதுவும் வாடகை வீடுகளில், அதை எங்கே கட்டுவது? இதற்காக ஹாம்கள் செய்து பார்க்கும் ஒரு சோதனைதான் வீட்டுக்குள் வைக்கிற சின்ன 'லூப்' ஆன்டெனா. இது நிஜமாகவே வேலை செய்யுமா? விரிவாகப் பார்க்கலாம்.

பிரச்சனை என்ன?

இந்தியாவில் ஹாம்கள் உள்ளூர்த் தொடர்புக்கு அதிகம் பயன்படுத்துவது 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. இதை '40 மீட்டர் பேண்ட்' என்பார்கள். வழக்கமான 'டைபோல்' ஆன்டெனா இதற்குச் சுமார் 20 மீட்டர் நீளம் வேண்டும். 14 மெகாஹெர்ட்ஸுக்கே 10 மீட்டர். மொட்டை மாடி நமக்குச் சொந்தமில்லை என்றால் கஷ்டம்தான். பக்கத்தில் இ.பி. லைன் போகிறது என்றால் கம்பியை வீசிக் கட்டவே கூடாது, உயிருக்கு ஆபத்து.

லூப் ஆன்டெனாவின் அளவு? ஒரு மீட்டர் விட்டமுள்ள செம்பு வளையம். சைக்கிள் சக்கரத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரு ஸ்டாண்டில் நிறுத்தி ரூமுக்குள்ளேயே வைத்துவிடலாம்.

லூப் என்றால் என்ன? உங்கள் டிரான்சிஸ்டரிலேயே இருக்கிறது!

இலங்கை வானொலி, திருநெல்வேலி வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். டிரான்சிஸ்டரை ஒரு பக்கம் திருப்பினால் சத்தம் தெளிவாக இருக்கும், இன்னொரு பக்கம் திருப்பினால் அடங்கிவிடும். காரணம், உள்ளே கறுப்பு ஃபெரைட் குச்சியில் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள். அதுவும் ஒரு சின்ன லூப் ஆன்டெனாதான்.

ஹாம் லூப்பில் மூன்று பாகங்கள்:

- பெரிய வளையம்: செம்புக் குழாயில் செய்தது. மேலே ஒரு இடத்தில் மட்டும் வெட்டியிருக்கும்.
- வேரியபிள் கண்டென்சர்: அந்த வெட்டின் இரண்டு முனைகளையும் இணைக்கும். பழைய வால்வு ரேடியோவின் 'கேங்' மாதிரி, திருப்பித் திருப்பி ட்யூன் செய்வது.
- சின்ன வளையம்: பெரிய வளையத்தின் ஐந்தில் ஒரு பங்கு, சுமார் 20 செ.மீ. ரேடியோவிலிருந்து வரும் கேபிள் இதில்தான் சேரும். பெரிய வளையத்தோடு கம்பித் தொடர்பு தேவையில்லை, டிரான்ஸ்ஃபார்மர் போல காந்தப்புலம் வழியாகவே பவர் போகும்.

சரி, 5 வாட் போதுமா?

ஒரு சின்ன எல்.இ.டி. பல்பின் அளவு பவர்தான். ஹாம் உலகத்தில் இதைக் 'கியூ.ஆர்.பி.' என்பார்கள். வழக்கமான ஹாம் ரேடியோ 100 வாட். அதை 5 வாட்டாகக் குறைத்தால் எதிர்முனையில் 20 மடங்கு குறைவாகக் கேட்கும் என்று நினைப்போம். நடைமுறை வேற மாதிரி. ரேடியோவின் சிக்னல் மீட்டரில் ஒரு புள்ளி இறங்க, பவர் நான்கில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். அப்படிப் பார்த்தால் 100லிருந்து 5 வாட்டுக்கு வந்தாலும், மீட்டர் இறங்குவது இரண்டு புள்ளிக்குச் சற்று மேல்தான்.

குறைந்த பவர் ரேடியோவில் இந்தியாவுக்கு ஒரு பெருமையும் உண்டு. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆஷர் ஃபர்ஹான் வடிவமைத்த 'பிட்எக்ஸ்' ரேடியோவின் வரைபடம் எல்லோருக்கும் திறந்தே வெளியிடப்பட்டது. எளிதில் கிடைக்கும் பாகங்களை வைத்து உலகம் முழுக்க ஹாம்கள் அதைச் செய்தார்கள். அதன் அடுத்த வடிவமான மைக்ரோ பிட்எக்ஸின் பவர் சுமார் 10 வாட்தான்.

அப்போ சிக்கல் எங்கே?

ரேடியோ 5 வாட் கொடுக்கிறது. அதில் எவ்வளவு காற்றில் ஏறுகிறது என்பதுதான் கேள்வி.

வளையம் சின்னதாக ஆக, அதன் 'கதிர்வீச்சு மின்தடை' படு வேகமாகக் குறையும். பவரை அலையாக மாற்றி அனுப்பும் திறனைக் காட்டும் அளவு அது. ஒரு மீட்டர் வளையத்துக்கு 14 மெகாஹெர்ட்ஸில் சுமார் 0.09 ஓம். 7 மெகாஹெர்ட்ஸில் வெறும் 0.006 ஓம்! செம்புக்கும் சொந்தமாக ஒரு மின்தடை உண்டு. இரண்டில் எது பெரிசோ, பவரில் பெரும் பங்கை அதுதான் எடுத்துக்கொள்ளும். செம்பு தின்றது வெறும் சூடாகிப் போகும்.

ஒரு மீட்டர் வளையத்துக்கு 5 வாட் கொடுத்தால் கணக்கு இப்படி வரும்:

- முக்கால் இன்ச் செம்புக் குழாய், 14 மெகாஹெர்ட்ஸ்: காற்றில் ஏறுவது சுமார் 3 வாட்
- அதே குழாய், 7 மெகாஹெர்ட்ஸ்: சுமார் 0.65 வாட்
- 2 மி.மீ. செம்புக் கம்பி, 14 மெகாஹெர்ட்ஸ்: சுமார் 0.8 வாட்
- அதே கம்பி, 7 மெகாஹெர்ட்ஸ்: சுமார் 0.08 வாட்

இது செம்பின் இழப்பை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. கண்டென்சர், இணைப்பு, சுவர் எல்லாம் சேர்ந்தால் இன்னும் குறையும்.

கவனித்தீர்களா? ரேடியோ அதேதான், வளையத்தின் அளவும் அதேதான். கம்பிக்குப் பதிலாகக் குழாய் போட்டதற்கே 7 மெகாஹெர்ட்ஸில் எட்டு மடங்கு வித்தியாசம். அதனால்தான் லூப் செய்பவர்கள் பவரை ஏற்றுவதைவிட இழப்பைக் குறைப்பதில் குறியாக இருப்பார்கள்.

செய்யும்போது எதைக் கவனிக்கணும்?

குழாய்: ஏ.சி. மெக்கானிக்குகள் பயன்படுத்தும் செம்புக் குழாய் நல்லது. உயர் அதிர்வெண் மின்சாரம் உலோகத்தின் மேல்தோலில் மட்டுமே ஓடும் என்பதால், உள்ளே காலியாக இருப்பது பிரச்சனையே இல்லை. வெளிச்சுற்று அகலமாக இருந்தால் போதும்.

இணைப்பு: நட்டு போல்ட் போட்டு இறுக்கினால் போதாது. 0.006 ஓமோடு போட்டி போடும் இடத்தில், பாசி பிடித்த ஒரு ஜாயின்ட் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். கேஸ் வைத்துப் பற்றவைப்பதுதான் சரி.

கண்டென்சர்: ஒரு மீட்டர் குழாய் வளையத்துக்கு 14 மெகாஹெர்ட்ஸில் சுமார் 50 பிகோஃபாரட், 7 மெகாஹெர்ட்ஸில் சுமார் 200 பிகோஃபாரட் தேவை. இரண்டு பிரிவு உள்ள ஏர் கேங் கிடைத்தால், வளையத்தின் இரு முனைகளையும் இரண்டு நிலைத்தகடுத் தொகுதிகளில் இணையுங்கள். அப்போது மின்சாரம் உரசும் தொடர்பு வழியாகப் போகாது, இழப்பு குறையும். டிரான்சிஸ்டரில் வரும் சின்ன பிளாஸ்டிக் கேங் கேட்பதற்கு மட்டும் சரி, பேசும்போது உள்ளே பொறி பறந்து வீணாகிவிடும்.

ட்யூனிங்: நல்ல லூப் ரொம்ப 'ஷார்ப்'. 7 மெகாஹெர்ட்ஸில் ஒரு தடவை ட்யூன் செய்தால் அது பிடிக்கும் அகலம் கணக்குப்படி சுமார் 5 கிலோஹெர்ட்ஸ்தான். ஒரு குரல் சிக்னலுக்கே கிட்டத்தட்ட 3 கிலோஹெர்ட்ஸ் வேண்டும். அலைவரிசையைக் கொஞ்சம் நகர்த்தினாலும் கேங்கைத் திருப்பியே ஆகணும். நேர்மாறாக, ட்யூன் செய்யாமலே எல்லா இடத்திலும் வேலை செய்கிறது என்றால் சந்தோஷப்படாதீர்கள். பவர் எங்கேயோ சூடாகிப் போகிறது என்று அர்த்தம்.

இடம் இருந்தால் வளையத்தைப் பெரிதாக்குங்கள். ஒரே அலைவரிசையில் விட்டத்தை இரட்டித்தால் கதிர்வீச்சு மின்தடை 16 மடங்கு ஏறும்.

நம்ம ஊருக்கு ஒரு சாதகம்

பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டித்தான் போகிறது. தும்பாவை ராக்கெட் ஏவுதளமாகத் தேர்ந்தெடுத்ததற்கே இதுதான் காரணம். நெல்லை கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வு மையம் மேல் வளிமண்டலத்தை ஆராய்வதும் அதனால்தான்.

வெயில் அதிகமுள்ள இந்தப் பகுதியில், தலைக்கு மேலே சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அயனி மண்டலம் பகலில் அடர்த்தியாக இருக்கும். 7 மெகாஹெர்ட்ஸ் அலையை நேரே மேலே அனுப்பினாலும் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். கூரையில் பட்டுச் சிதறும் தண்ணீர் மாதிரி அது சுற்றிலும் பல நூறு கிலோமீட்டருக்கு விழும். சங்கரன்கோவிலிலிருந்து நேர்கோட்டில் சென்னை சுமார் 500 கி.மீ., கொழும்பு சுமார் 350 கி.மீ. இரண்டுமே இந்த வட்டத்துக்குள் வருகின்றன. நிமிர்த்தி நிறுத்திய லூப் மேல்நோக்கியும் நன்றாக அலையை அனுப்பும் என்பது இன்னொரு வசதி.

உச்சி வெயிலில் கீழ் அடுக்கு சிக்னலைக் கொஞ்சம் உறிஞ்சிவிடும். அதனால் 7 மெகாஹெர்ட்ஸுக்குக் காலையும் மாலையும் நல்ல நேரம். தூர நாடுகளைப் பிடிக்க 14 மெகாஹெர்ட்ஸ் சரி.

எந்த வீடு, எந்த இடம்?

ஓட்டு வீடு என்றால் அதிர்ஷ்டம்தான். கான்கிரீட் தளத்தில் இரும்புக் கம்பி வலை இருப்பதால் சிக்னல் குறையும். தகர ஷீட் கூரைக்குக் கீழே வைத்தால் மேலே போகும் அலை மறிக்கப்படும், பலன் இருக்காது. கூடுமானவரை ஜன்னல், பால்கனி பக்கம் வையுங்கள். பீரோ, இரும்புக் கட்டிலுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

அடுத்த தொல்லை இரைச்சல். மலிவான எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர், பக்கத்துத் தறிக்கூடத்தின் ஸ்டார்ட்டர் பொறி எல்லாமே ரேடியோவில் 'கரகர' சத்தமாக வரும். இங்கே லூப்பின் திசைக் குணம் கை கொடுக்கும். வளையத்தின் வழியே ஜன்னல் மாதிரி எட்டிப் பார்க்கும் திசையில் அது குறைவாகக் கேட்கும். அந்தப் பக்கத்தை இரைச்சல் வரும் இடத்துக்குத் திருப்பினால் சத்தம் அடங்க வாய்ப்புண்டு.

5 வாட்தானே என்று தொடக்கூடாது!

இதை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ளணும். இழப்பு குறைவான லூப்பில், 5 வாட்டுக்கே கண்டென்சர் முனைகளில் மின்னழுத்தம் 1,000 வோல்ட்டைத் தாண்டலாம். தொட்டால் தோல் வெந்துவிடும்.

வளையத்தைச் சுற்றியுள்ள காந்தப்புலமும் பலமானது. ஒலிபரப்பும்போது 5 வாட்டுக்கே குறைந்தது 2 மீட்டர் தள்ளி இருப்பது நல்லது. பவர் கூடினால் தூரமும் கூடணும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள், குழந்தைகள் இருக்கும் அறையில் ஒலிபரப்ப வேண்டாம். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் தூங்குகிறாரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், காந்தப்புலத்துக்குச் சுவர் தடையில்லை.

வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் கேட்டுப் பாருங்கள். கேங்கை மெதுவாகத் திருப்பும்போது ஒரே ஒரு இடத்தில் இரைச்சல் சட்டென்று எகிறினால் லூப் உயிரோடு இருக்கிறது. 'நானோ விஎன்ஏ' என்ற சின்ன அளவீட்டுக் கருவி இருந்தால் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம்.

லைசென்ஸ் உள்ளவர்களுக்கு 'எஃப்டி8' என்ற டிஜிட்டல் முறை நல்ல பரிசோதனை. 1993இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லர், ஸ்டீவ் ஃபிராங்கியோடு சேர்ந்து 2017இல் உருவாக்கியது இது. காதுக்கே கேட்காத சிக்னலையும் கம்ப்யூட்டர் படித்துவிடும். உங்கள் சிக்னலை எந்தெந்த ஊர் பிடித்தது என்று 'பிஎஸ்கே ரிப்போர்ட்டர்' தளத்தின் மேப்பில் தெரியும். குழாயை மாற்றினால், இடத்தை மாற்றினால் என்ன வித்தியாசம் என்பதை அங்கேயே ஒப்பிடலாம்.

யார் பேசலாம்?

லைசென்ஸ் இல்லாமல் ஒலிபரப்புவது சட்டப்படி குற்றம், 5 வாட்டாக இருந்தாலும். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தேர்வு நடத்தி லைசென்ஸ் தருகிறது. 12 வயது ஆனவர்கள் எழுதலாம். தொடக்க நிலையான 'ரெஸ்ட்ரிக்டெட்' பிரிவுக்கு மோர்ஸ் தேர்வு கிடையாது, அழைப்புப் பெயர் வியூ3 என்று தொடங்கும். 'ஜெனரல்' பிரிவுக்கு வியூ2. விண்ணப்பிக்கும் முன் 'சரல் சஞ்சார்' தளத்தில் அப்போதைய விதி, கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போ, செய்து பார்க்கலாமா?

மாடியில் 20 மீட்டர் கம்பி கட்ட இடம் இருந்தால் அதையே கட்டுங்கள், லூப் அதற்கு ஈடாகாது. இடமே இல்லை என்றால், 'ஆன்டெனா கட்ட வழியில்லை' என்று ஒதுங்கவும் தேவையில்லை. தடித்த குழாய், பற்றவைத்த இணைப்பு, நல்ல கேங் மூன்றும் இருந்தால் 12 வோல்ட் பேட்டரியிலேயே இந்த நிலையம் ஓடும். ஒரே ஒரு விஷயம்: மழை கொட்டும் ராத்திரியில் முதல் தடவையாக இதைத் திருப்பிப் பார்த்தால் எதுவும் கேட்காது. எந்த அலைவரிசையில், எந்த நேரத்தில், யார் பதில் சொல்வார்கள் என்பது வெயில் காலத்திலேயே பழகியிருக்கணும்.