டை ராடும் நான்கு பெண்களும்

1909ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பாலைவெளியில் ஒரு கார் முன்பக்கம் சரிந்து நின்றுவிட்டது. ‘புல்வெளி நாய்’ என்று பெயர் வாங்கிய, உண்மையில் அணில் இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு விலங்கு தோண்டிய குழியில் முன்சக்கரம் இறங்கியது. இறங்கிய வேகத்தில் டை ராடிலிருந்து ஒரு போல்ட் கழன்று போனது. வண்டியில் இருந்தவர்கள் நான்கு பெண்கள். ஓட்டி வந்தவர் ஆலிஸ் ராம்சே, வயது 22, ஒரு குழந்தைக்குத் தாய். மற்ற மூவருக்கும் கார் ஓட்டத் தெரியாது.

அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை கார் ஓட்டிச் சென்ற முதல் பெண் என்று ஆலிஸை வரலாறு குறித்து வைத்திருக்கிறது. ஜூன் 9 அன்று நியூயார்க்கில் புறப்பட்டு, 59 நாட்களில் சான்பிரான்சிஸ்கோவை அடைந்தார். சுமார் 3,800 மைல் தூரத்தில் ஒழுங்காகப் போடப்பட்ட சாலை 152 மைல்தான். தொப்பியும் முகத்திரையும் அணிந்து ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் அவருடைய படங்களை எங்கும் பார்க்கலாம். எனக்கோ அந்தப் போல்ட்டின் மேல்தான் கண்.

ஸ்டீயரிங்கைத் திருப்பும் கையின் விருப்பத்தைச் சக்கரம்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது டை ராடு. இரண்டு முன்சக்கரங்களையும் ஒரே பக்கம் பார்க்க வைப்பதும் அதுதான். அது கழன்றால் சக்கரங்கள் ஆளுக்கொரு திசை பார்க்கும். கையில் ஸ்டீயரிங் இருக்கும், கட்டுப்பாடு இருக்காது. ஆலிஸின் மாக்ஸ்வெல் காரில் போல்ட் இருந்த இடத்தில் இன்றைய கார்களில் ‘டை ராடு எண்டு’ இருக்கிறது. பள்ளி உயிரியலில் தோள்பட்டைக்குப் படித்தோமே, அதே பந்துக்கிண்ண மூட்டு. மேலே ஒரு ரப்பர் உறை, உள்ளே கிரீஸ். உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும், தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும், மூட்டு தேயும். பிறகு மேடுபள்ளத்தில் ‘டக் டக்’ என்று சத்தம், ஸ்டீயரிங்கில் ஆட்டம், டயரின் ஓரம் மட்டும் வழித்தெடுத்ததுபோல் தேய்வு.

மாற்றுவதற்குப் பெரிய உடல் வலு தேவையில்லை, பொறுமை வேண்டும். வண்டியை ஜாக்கியில் மட்டும் நம்பி நிறுத்தாமல் ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, லாக் நட்டைத் தளர்த்த வேண்டும். காட்டர் பின்னை எடுத்து, நட்டைக் கழற்றி, இறுகிப்போன மூட்டைப் புல்லர் போட்டுப் பிரிக்க வேண்டும். அடுத்து வருவதுதான் எனக்குப் பிடித்த கட்டம். பழைய எண்டை எத்தனை சுற்றில் கழற்றினோம் என்று எண்ணி வைத்துக்கொண்டு, புதியதையும் அத்தனை சுற்றே ஏற்ற வேண்டும். தையல் எண்ணியவர்களுக்கும் கோலப்புள்ளி எண்ணியவர்களுக்கும் இது புதிய வித்தை அல்ல. நட்டைச் சொன்ன அளவுக்கு முடுக்கி, புதிய காட்டர் பின் போட்டு, வீல் அலைன்மெண்ட்டும் பார்த்துவிட வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் அலைன்மெண்ட்டைத் தவிர்க்க முடியாது.

இந்த அறிவைப் பெண்ணிடமிருந்து தள்ளி வைத்ததில் ஒரு வணிகக் கணக்கும் உண்டு. ஆலிஸின் பயணச் செலவை ஏற்றது மாக்ஸ்வெல்-பிரிஸ்கோ நிறுவனம். யோசனை அதன் விற்பனை மேலாளர் கேட்வாலடர் கெல்சியுடையது. ‘ஒரு பெண்ணாலேயே ஓட்ட முடிகிறது என்றால் வண்டி எத்தனை உறுதியானது!’ என்பதுதான் அந்த விளம்பரத்தின் உட்பொருள். பாராட்டுக்குள்ளேயே இளக்காரம். ஆனால் விளம்பரத்துக்கு அழைத்துவரப்பட்ட பெண் வழியில் 11 டயர்களை மாற்றினார். ஸ்பார்க் பிளக்குகளைச் சுத்தம் செய்தார். உடைந்த பிரேக் பெடலைச் சரிசெய்தார். ரேடியேட்டர் வற்றியபோது தோழிகள் தம் பல்துலக்கி வைக்கும் குப்பிகளில் வாய்க்கால் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினார்கள். ஒப்பனைப் பெட்டியிலிருந்த பொருள் கருவிப்பெட்டிக்கு மாறிவிட்டது!

யூட்டாவில் எல்லாவற்றையும் ஆலிஸ் தனியே செய்துவிட்டார் என்று காவியம் பாட வேண்டியதில்லை. டை ராடைத் தற்காலிகமாகக் கட்டி ஒப்பேற்றி, வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு, உலைக்களம் இருந்த ஒரு பண்ணைக்குப் போய்த்தான் சரிசெய்ய முடிந்தது. எது கழன்றது, அது இல்லாமல் எவ்வளவு தூரம் நகரலாம், எங்கே போனால் வேலை நடக்கும் என்பதைக் கணிப்பதும் பழுதுபார்க்கும் அறிவுதான். உதவி கேட்பதற்கும் என்ன கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டுமே.

இன்னொன்று. அந்த வண்டி முடங்கி நின்ற யூட்டாவில் 1896 முதலே பெண்களுக்கு வாக்குரிமை இருந்தது. ஆலிஸ் வாழ்ந்த நியூஜெர்சியில் அப்போது இல்லை. கண்டத்தையே கடந்து கார் ஓட்டியவருக்குச் சொந்த ஊரில் ஓட்டு இல்லை. இப்படி ஒரு சிலேடையை மொழி நமக்குச் சும்மா தந்திருக்கிறது.

52 ஆண்டுகள் கழித்து, 1961இல், ஆலிஸ் தன் பயணத்தை நூலாக எழுதினார். தலைப்பில் மூன்று பொருள்களை வைத்தார்: முகத்திரை, புழுதி அங்கி, டயர் கழற்றும் இரும்பு. முதல் இரண்டும் படங்களில் தெரிபவை. மூன்றாவதை அவரே சொல்ல வேண்டியிருந்தது. அதன்பின்னும் அவர் ஓட்டுவதை நிறுத்தவில்லை. வாழ்நாளில் 30 முறைக்கு மேல் அமெரிக்காவைக் காரில் கடந்திருக்கிறார். 1983இல் இறந்தார். அமெரிக்க வாகனத்துறைப் புகழவையில் இடம்பெற்ற முதல் பெண் அவர்தான். அந்த இடம் 2000ஆம் ஆண்டில் கிடைத்தது.