ஒரு ராத்திரி நான் தெர்மோஸ்டாட் ஆன கதை

பொங்கலன்று பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, பின்னால் சுவரில் இருப்பது கடிகாரமா என்று ஏழெட்டுப் பேர் கேட்டிருந்தீர்கள். கடிகாரம் இல்லை, தெர்மோஸ்டாட். விருத்தாசலம் திரும்பி வெயிலில் உட்கார்ந்த பிறகுதான் பதில் எழுத மனம் வந்தது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் பழைய இஸ்திரிப் பெட்டியைக் கழற்றிக் காட்டினேனே, நினைவிருக்கிறதா? இரண்டு உலோகம் ஒட்டிய பட்டை சூட்டில் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். சுவர்ப் பெட்டிக்கும் அதே வேலைதான். மினியாபொலிஸ் போன்ற குளிர் ஊர்களில் வீட்டுக்கு அடியில் ஒரு கேஸ் உலை இருக்கும். சுவரில் இருக்கும் பெட்டி அதைப் பார்த்து "எரி" என்றோ "நில்" என்றோ சொல்லும். சாதாரணமாக அதற்கு 24 வோல்ட் போதும். ஆர் என்ற கம்பியில் மின்சாரம் வரும். அதை டபிள்யூ கம்பியோடு சேர்த்தால் உலை எரியும், ஒய்யோடு சேர்த்தால் ஏ.சி., ஜியோடு சேர்த்தால் விசிறி. சி என்பது திரும்பிப் போகும் கம்பி. எந்தக் கம்பெனி உலையானாலும் எந்தக் கம்பெனி பெட்டியானாலும் இந்த எழுத்துகள் பொருந்தும்.

என் மகள் வாங்கிய வீட்டில் அப்படி இல்லை. முன்பு இருந்தவர் விலை உயர்ந்த உலை ஒன்றைப் போட்டிருந்தார். அதில் சுவர்ப் பெட்டியும் உலையும் அந்தக் கம்பெனியின் சொந்த பாஷையில் பேசிக்கொள்ளும். நெருப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் குறைக்கும், நல்ல ஏற்பாடுதான். ஆனால் இருவரில் ஒருவர் வாயடைத்துப் போனால், அந்த இடத்தில் வேறு யாரையும் உட்கார வைக்க முடியாது.

ஜனவரியில் ஒரு ராத்திரி சுவர்ப் பெட்டியின் திரை அணைந்துவிட்டது. வெளியே மைனஸ் 22 டிகிரி. பேத்தி பிறந்து ஏழு வாரம். கம்பெனிக்குப் போன் செய்தால், அந்த மாடல் இப்போது வருவதில்லை, புது மாடல் போட்டால் உலைக்குள் இருக்கும் போர்டையும் மாற்ற வேண்டும், பத்து நாள் ஆகும் என்றார்கள். மாப்பிள்ளை கடைக்கு ஓடி ஒரு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் வாங்கி வந்தார். பழைய பெட்டியைக் கழற்றிப் பார்த்தால் நான்கு கம்பிகள். பெயரே வேறு. புதுப் பெட்டி ஒன்றையும் அடையாளம் காணவில்லை.

வீட்டுக்குள் 13 டிகிரிக்கு இறங்கிய பிறகுதான் ஒரு டெக்னீஷியன் வந்தார். வயதானவர். உலையின் மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். உள்ளே ஓரமாக, யாரும் தொடாத ஐந்து திருகுகள்: ஆர், டபிள்யூ, ஒய், ஜி, சி. கம்பெனி தன் பாஷையைப் புகுத்தியபோதும் பழைய பாஷையை அழிக்காமல் விட்டிருந்தது. அவர் கம்பெனிக் கம்பிகளைக் கழற்றினார். ஆருக்கும் டபிள்யூவுக்கும் நடுவில் ஒரு சாதாரண கை ஸ்விட்சை வைத்தார். போட்டார். உலை பற்றிக்கொண்டது!

பாக்கி வேலைக்குக் காலையில் வருகிறேன், அதுவரை யாராவது இதைப் போட்டு அணைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். மாப்பிள்ளைக்கு விடிந்தால் வேலை, மகள் குழந்தையோடு. நான் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உலை அருகே நாற்காலி போட்டேன். மேலிருந்து மகள் "அப்பா, இருபது!" என்பாள், அணைப்பேன். "அப்பா, பதினெட்டு!" என்பாள், போடுவேன்.

அப்போது எனக்கு வாரன் ஜான்சன் நினைவு வந்தது. அவரும் நம்மைப் போல வாத்தியார்தான். விஸ்கான்சின் மாநிலத்தில் ஒயிட்வாட்டர் என்ற ஊரின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்தினார். குளிர்காலத்தில் பள்ளிக் காவலாளி ஒவ்வொரு வகுப்பாக நுழைந்து வெப்பமானியைப் பார்த்துவிட்டு, கீழே போய் உலையைத் திருத்துவார். பாடம் நடுவில் கதவு திறந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எரிச்சலடைந்த ஜான்சன், அறையின் சூடு மாறினால் கீழே மணி அடிக்கும்படி ஒரு மின்கருவி செய்து 1883-ல் காப்புரிமை வாங்கினார். இன்றைய ஜான்சன் கன்ட்ரோல்ஸ் நிறுவனம் 1885-ல் அவர் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது. அந்த ராத்திரி நான் அவருடைய காவலாளி, என் மகள் அவருடைய மணி.

அதே 1885-ல் அதே மினியாபொலிசில் ஆல்பர்ட் பட்ஸ் என்பவர் அடுத்த படியை எடுத்தார். மணிக்குப் பதில் ஒரு சின்ன மோட்டார். அறை குளிர்ந்தால் அது அரைச் சுற்று சுற்றிச் சங்கிலியை இழுத்து, நிலக்கரி உலையின் காற்றுக் கதவைத் திறக்கும். சூடு போதுமானதும் இன்னொரு அரைச் சுற்று, கதவு மூடும். ஆளே வேண்டாம். அவர் தொடங்கிய நிறுவனம் கைமாறிக் கைமாறி, 1927-ல் ஹனிவெல்லோடு இணைந்தது. 1953-ல் அவர்கள் விட்ட வட்டத் தெர்மோஸ்டாட்டைப் பழைய அமெரிக்கப் படங்களில் பார்த்திருப்பீர்கள். டயல் டெலிபோனுக்கு உருவம் கொடுத்த ஹென்றி டிரைஃபஸ்தான் இதற்கும். உள்ளே சுருள் ஈருலோகப் பட்டை, அதன் நுனியில் பாதரசக் குப்பி. அவ்வளவே.

காலையில் டெக்னீஷியன் வந்து, சுவரில் இருந்த நான்கு கம்பிகளை ஆர், டபிள்யூ, ஜி, சி என்று மாற்றி ஸ்மார்ட் பெட்டியைப் பொருத்தினார். ஏ.சி.க்கு ஐந்தாவது கம்பி வேண்டும், அதைக் கோடைக்கு முன் இழுத்துக்கொள்ளலாம் என்றார். உலை இப்போது முன்போல் நெருப்பை நயமாகக் கூட்டிக் குறைப்பதில்லை. "எரி", "நில்" இரண்டே சொல். கொஞ்சம் சத்தமும் உண்டு. பரவாயில்லை.

மாப்பிள்ளை, "இனிமே கவலை இல்ல மாமா, போன்லயே எல்லாம் பாத்துக்கலாம்" என்றார். நான் கேட்ட முதல் கேள்வி, இன்டர்நெட் இல்லாவிட்டால் கையால் திருப்ப முடியுமா? முடியும் என்று ரௌட்டரை அணைத்துக் காட்டினார். கேட்டதற்குக் காரணம் உண்டு. ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டைப் பிரபலமாக்கிய நெஸ்ட் 2011-ல் வந்தது, ஐபாட் செய்த டோனி ஃபடெல் தொடங்கியது. 2014-ல் கூகுள் அதை 320 கோடி டாலருக்கு வாங்கியது. 2025 அக்டோபர் 25-ம் தேதி முதல் இரண்டு தலைமுறைப் பெட்டிகளுக்கும் ஆதரவை நிறுத்திவிட்டார்கள். அவை சுவரில் வேலை செய்கின்றன, போனில் வருவதில்லை. ஒரு கம்பெனியின் பூட்டைக் கழற்றி இன்னொரு கம்பெனியின் பூட்டைப் போட்டுக்கொள்வதும் நடக்கும்.

ஊருக்கு வந்ததும் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை வைத்திருக்கும் என் பழைய மாணவரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "எனக்கும் இதே கதைதான் சார்." அவருடைய கேஸ் சூளையோடு வந்த கன்ட்ரோலருக்குப் பாஸ்வேர்ட். விற்றவர் கடையை மூடிவிட்டார். எரிப்பு அட்டவணையை மாற்ற வழியில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, சந்தையில் கிடைக்கும் சாதாரண கன்ட்ரோலரை மாட்டிவிட்டார். எப்படி முடிந்தது? சூளைக்குள் இருக்கும் பிளாட்டினம் தெர்மோகப்பிள் யார் செய்தாலும் ஒரே கணக்கில் பேசும். 1300 டிகிரியில் எஸ் வகை என்றால் சுமார் 13 மில்லிவோல்ட், விருத்தாசலத்திலும் சரி, ஜெர்மனியிலும் சரி.

அப்படியும் அவர் ஒவ்வொரு சூட்டுக்கும் உள்ளே ஒரு கோன் வைக்கிறார். 1886-ல் பெர்லினில் ஹெர்மன் சேகர் உருவாக்கிய முறை, விரல் நீளக் களிமண் கூம்பு. வெப்பமும் நேரமும் சேர்ந்து போதுமான அளவு வேலை செய்ததும் தலை சாயும். பார்வைத் துளை வழியே என்னையும் பார்க்கச் சொன்னார். "மிஷின் சரியாத்தான் சொல்லுது சார். ஆனா இது சாஞ்சாத்தான் நான் கேஸ மூடுவேன்."

வெளிநாட்டில் வீடு வாங்கும் பிள்ளைகள், கையெழுத்துப் போடும் முன் சுவர்ப் பெட்டியைக் கழற்றி, எத்தனை கம்பி, என்ன எழுத்து என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கழற்றுவதற்கு முன் மெயினை அணைக்க மறக்காதீர்கள். படத்தை எனக்கும் அனுப்பலாம்.