மலை இல்லாத ஊரில் ஒரு பனிமலை

போன வாரம் முழுக்க ஒரு ஓவியத்தை போன்ல பெரிசாக்கிப் பார்த்துட்டு இருந்தேன். 1565-ல் பீட்டர் புரூகல் மரப்பலகை மேல் வரைந்த ‘பனியில் வேட்டைக்காரர்கள்’. இப்போ வியன்னாவில் இருக்கு.

முன்னாடி நிற்கிற மரம், ஆள், நாய் எல்லாமே கிட்டத்தட்ட கறுப்பு. கீழே உறைஞ்ச குளத்துல சறுக்கி விளையாடுறவங்க சின்னச் சின்னப் புள்ளிகள். அதுக்கும் பின்னாடி மலைகள். அங்கே அந்தக் கறுப்பே இல்லை. வானத்தோட சாம்பல் பச்சையில் வெளிறிப்போய் நிற்குது. தூரம் கூடக் கூட நடுவில் காற்றும் கூடும், நிறம் மங்கும். இந்த மங்கல்தான் ஓவியத்துக்கு ஆழம் தருது.

ஆனா புரூகல் வாழ்ந்த பிரஸ்ஸல்ஸ் பக்கம் பனிச்சிகரமே கிடையாது! 1550-களில் இத்தாலிப் பயணத்தில் ஆல்ப்ஸைப் பார்த்தவர், சுமார் பத்து வருஷம் கழிச்சு அதைத் தன் ஊர்க் குளிர்காலத்துக்குப் பின்னால் வைத்தார்.

1564-65 குளிர்காலம் ரொம்பக் கொடுமையானது. இத்தனை நாய்களோட போனவங்க கொண்டு வர்றது மெலிந்த ஒரே ஒரு நரி. அதனால அந்த ஆழம் எனக்கு வெறும் அழகாத் தெரியலை. இன்னும் எவ்வளவு தூரம் நடக்கணும்னு அது சொல்லுது.