ஒற்றைக் குருவும் ஒரு செபமாலையும்

யூபிலி மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டுமென்று மலர்க்குழுவினர் கேட்டபோது, நம் ஆலயம் எழும்பிய கதையைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். அதை என்னைவிட நன்கு அறிந்த பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது நம் முத்துக்குளித்துறைக் கரையிலிருந்து தோணியேறிப்போன ஒரு குருவின் கதை. அதற்குக் காரணம் உண்டு. என் மனைவி இறைவனடி சேர்ந்தபின், மாலைச் செபமாலையில் அருள்நிறை மந்திரத்தின் முற்பாதியைச் சொல்லிவிட்டு, பிற்பாதி சொல்ல ஆளின்றி நான் திகைத்து நின்ற நாட்கள் பல. பிள்ளைகள் வெளியூரில். நம் பங்கில் இப்படி எத்தனை வீடுகள் உண்டென்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்நாட்களில் எனக்குத் துணையாயிருந்தது ஜோசப் வாஸ் அடிகளாரின் வரலாறு.

அடிகளார் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவிலுள்ள பெனாலிம் என்னும் ஊரில் பிறந்தார். 1676இல் குருப்பட்டம் பெற்றார். 1685இல், புனித பிலிப்பு நேரியாரின் ஒழுங்குப்படி வாழ விரும்பிய சுதேசக் குருக்களின் சிறு குழுவில் சேர்ந்து அதன் தலைவருமானார். கூடிச் செபித்து, ஒரே பந்தியில் உண்டு, ஒருவருக்கொருவர் ஆறுதலாக வாழ்வது அக்குழுவின் வழக்கம். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அவர் விட்டுப்போனது இப்படிப்பட்ட வாழ்வைத்தான்.

அக்காலத்து இலங்கை எப்படி இருந்தது? 1656இல் கொழும்பும், 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் டச்சுக்காரர் கைக்குப் போயின. நம் தூத்துக்குடியும் அதே 1658இல்தான் போயிற்று. கத்தோலிக்கக் குருக்கள் தீவிலிருந்து வெளியேற்றப்பட்டனர். குருவுக்கு அடைக்கலம் தருவோருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. கோயில்கள் டச்சுச் சபைக்கு ஆயின. ஞானஸ்நானமும் திருமணமும் அவர்கள் பதிவேட்டில் ஏறினால்தான் செல்லும். ஆகவே பலர் பகலில் அங்கே போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு, இரவில் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்னார்கள். அவர்களைக் கோழைகள் என்று சொல்வோர் உண்டு; எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை, சாகும் தறுவாயில் அவஸ்தைப்பூசுதல் தர ஒருவருமில்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இப்படிப் போயின. மாந்தைக் குடும்பங்கள் சில 1670ஆம் ஆண்டளவில் மாதாவின் சுரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் புகுந்தன என்பது மடு திருத்தலத்தின் பாரம்பரியம்.

இந்த மக்களின் நிலையைக் கேள்விப்பட்ட அடிகளார் 1686இல் கோவாவை விட்டுப் புறப்பட்டார். உடன் வந்தவர் யோவான் என்ற பணியாள் ஒருவரே. நடந்தும் படகேறியும் நம் கரைக்கு வந்து, 1687ஆம் ஆண்டு பாஸ்கா காலத்தில் தூத்துக்குடியில் தோணியேறினார்கள். குருவின் அங்கி இல்லை. கூலியாளின் கந்தைதான் உடை. யாழ்ப்பாணம் சேரும்போது இருவரும் கடும் வயிற்றுப்போக்கால் நலிந்து போயிருந்தனர். முகம் தெரியாத ஒரு பெண் கொண்டுவந்து கொடுத்த கஞ்சியே அவர்களைப் பிழைக்கவைத்தது என்பர்.

உடல் தேறியதும் வேறொரு கஷ்டம். ஊர் நிறையக் கத்தோலிக்கர். ஆனால் யார் கத்தோலிக்கர் என்று எப்படி அறிவது? வாய்திறந்து கேட்டால் காட்டிக்கொடுப்பார்கள். அவர்களோ இவரை டச்சுக்காரரின் ஒற்றன் என்று அஞ்சுவார்கள். அடிகளார் செய்தது என்ன? கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சையெடுத்தார். பிச்சையிட வருகிறவர்களின் கண் அந்த மாலையில் ஒரு கணம் நிற்கிறதா என்று பார்த்தார். மறுபேச்சின்றிப் போகிறவர்களே அநேகர். ஆயினும் ஒரு நாள் ஒரு கண் நின்றது; கேள்விமேல் கேள்வி கேட்டுச் சோதித்தார்கள்; பிறகு கதவு திறந்தது. ஒருவரையொருவர் அறியாமல் தனித்திருந்தது அவர் மட்டுமல்லவே! அவ்வூர் மக்களும் அப்படித்தான் இருந்தார்கள். சில்லாலை மக்கள் அவரை ஏற்றுக்கொண்டு மறைத்துவைத்தார்கள். தமிழைக் கற்றுக்கொண்டு, இரவில் பூசை வைத்து, விடியுமுன் அடுத்த வீட்டுக்கு மாறிக்கொண்டிருந்தார்.

1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில், யாழ்ப்பாணத்தில் திருப்பலிக்குக் கூடியிருந்த வீட்டைச் சிப்பாய்கள் வளைத்துக்கொண்டார்கள். அடிகளார் தப்பினார். மக்கள் பிடிபட்டுத் துன்புற்றார்கள். மந்தை அடிபட, தான் தப்பிய வேதனை ஒரு மேய்ப்பனுக்கு எப்படியிருக்கும்! அதற்குப்பின் அவர் கண்டி அரசனின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்திற்குப் போனார். 1692இல் கண்டி நகருக்குச் சென்றபோது, போர்த்துக்கேய ஒற்றன் என்ற பழி அவர்மேல் சுமத்தப்பட்டது. இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரையும் யோவானையும் காவலில் வைத்தான்.

அச்சிறையைத்தான் நான் அடிக்கடி நினைப்பேன். அடிகளார் அங்கே சிங்களம் படித்தார். காவல் சற்றுத் தளர்ந்ததும் ஒரு குடிசை போட்டு, அதைக் கோயிலாக்கினார். நகரிலிருந்த கத்தோலிக்கர் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். வறட்சிக் காலத்தில் மன்னன் கேட்டபடி அவர் செபிக்க, மழை பெய்ததென்றும், அவரும் பீடமும் மட்டும் நனையவில்லையென்றும் ஒரு செய்தி வழங்கிவருகிறது. இதன்பின் நாடெங்கும் நடமாட மன்னன் உத்தரவு கொடுத்தான்.

ஆயினும் ஒரு குறை தீரவில்லை. மக்களுக்கு அவர் இருந்தார். அவருக்கு யார் இருந்தார்? குருக்களுக்கும் பாவசங்கீர்த்தனம் உண்டல்லவா? அதைக் கேட்க இன்னொரு குரு அத்தீவில் இல்லை. ஒன்பது ஆண்டுகள்! பூசைக்கு உதவி செய்ததும், செபத்துக்குப் பதில் சொன்னதும், காய்ச்சலில் பக்கத்தில் இருந்ததும் யோவான்தான். பீடத்தில் வைத்துப் போற்றப்படுகிறவர் ஒருவர். அவர் நடந்த வழியெல்லாம் பூசைச் சாமான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் இன்னொருவர். யோவானைப் பற்றி நம் பிரசங்கங்களில் யாரும் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

1696-97இல் கோவாவிலிருந்து குருக்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஜோசப் கர்வால்யு என்பவர் அடிகளாரின் மருமகன் முறை. ஆனால் ஓய்வு ஏது? 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. சொந்த பந்துக்களே நோயாளிகளைக் கைவிட்டு ஓட, இவ்விருவரும் தெருத்தெருவாகச் சென்று அவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, இறந்தோரை அடக்கம் செய்தார்கள். சமயம் எதுவென்று யாரிடமும் கேட்கவில்லை. 1705இல் வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றித் திருச்சபைக்குப் பெருந்தொண்டு செய்தது தனிக்கட்டுரைக்குரியது.

ஜோசப் வாஸ் அடிகளார் 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் உயிர்நீத்தார். வயது 59. அவரது கல்லறை இருந்த இடம் இன்று அடையாளம் தெரியவில்லை. 1995 ஜனவரி 21 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கொழும்பில் அவருக்கு முத்திப்பேறு பட்டமளித்தார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என அறிவித்தார். அன்று பிற்பகலே திருத்தந்தை மடு மாதாவையும் சென்று வணங்கினார்.

என் வீட்டுச் செய்தியைப் பாதியில் விட்டுவிட்டேன். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, தெருவுக்குக் கேட்கும்படி உரக்கச் செபமாலை சொல்லத் தொடங்கினேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, எதிர்வீட்டுப் பேத்தி வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். இப்போது பிற்பாதி அவளுடையது. நான்காம் காரணிக்கத்தில் பெரும்பாலும் தூங்கிவிடுவாள்.