செதுக்கோவியங்களில் மட்டக்களப்பு வாவி

மேனாட்டார் இலங்கையைப் பற்றி எழுதிய பழைய நூல்களிற் காணப்படும் செதுக்கோவியங்கள் வரலாற்று மாணவர்க்குப் பெரிதும் பயன்படுவன. எனினும் அவற்றைக் கண்ணாடியெனக் கொள்வார் பிழைபடுவர். செப்புத் தகட்டின்மேல் மெழுகு பூசி, ஊசியாற் கீறி, திராவகத்தால் அரிக்கச் செய்து, அப்பள்ளங்களில் மையேற்றித் தாளில் அழுத்தியெடுப்பது ஒரு முறை. கூரிய உளியால் தகட்டை நேரே வெட்டுவது மற்றொரு முறை. இரண்டிலும் தகட்டின் இடப்புறம் தாளில் வலப்புறமாகும். மூலச் சித்திரத்தைத் திருப்பாது தகட்டில் ஏற்றிய கம்மியன், கடலை மேற்கிலும் வயலைக் கிழக்கிலும் வைத்துவிடுதல் கூடும். ஞாயிறு எழும் பக்கத்தை எழுவான்கரை என்றும், படும் பக்கத்தைப் படுவான்கரை என்றும் வழங்கும் மட்டக்களப்பு நாட்டிற்கு இது சிறு பிழையன்று.

ஒல்லாந்தக் கப்பற்றலைவன் ஸ்பில்பேர்கன் 1602இல் மட்டக்களப்பிலே வந்திறங்கினான். அவன் பயணநூலிற் புகழ்பெற்ற படமோ, கண்டியரசன் முதலாம் விமலதர்மசூரியன் அவனை வரவேற்கும் காட்சி. இறங்கிய நாடு வழியாயிற்று, அரசவை பொருளாயிற்று. 1672இல் அம்ஸ்ரடாமில் வெளிவந்த பல்தேயு பாதிரியாரின் பெருநூலிலும் கோட்டைகளும் தேவாலயங்களுமே முதலிடம் பெற்றன. போர்த்துக்கேயர் 1628இற் புளியந்தீவிற் கட்டிய கோட்டையை ஒல்லாந்தர் 1638 மே 18இற் கைப்பற்றினர். வென்றவர் கண்ணுக்கு மதிலே நாடு போலும்!

வாவிக்கு மேற்கே வட்டைதோறும் விரிந்த நெல்வயல்களும், காவற்பரணும், சூடு மிதிக்கும் களமும், கண்ணாக்காடு சூழ்ந்த துறைகளும் இத்தகைய ஏடுகளில் அரியன. குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்குத் தோணியேறிச் செல்லும் உழவனுக்கு வாவியே பெருந்தெரு. அவனை நிறுத்தி வரைந்துகொள்ளக் கம்பனி எழுத்தருக்குக் காரணம் இருந்ததில்லை.

பிற்காலத்தில் நாட்டுப்புறக் காட்சியை அதன் பொருட்டே நாடிய ஓவியர் வந்தனர். பெல்பாஸ்ற் நகரத்து அன்றூ நிக்கல் 1846இற் கொழும்பு அக்கடமியில் ஓவியம் கற்பிக்க வந்தவர். குடியேற்றச் செயலாளர் எமேர்சன் ரெனன்ற் 1859இல் இலண்டனில் வெளியிட்ட 'சிலோன்' என்னும் நூலின் படங்கள் சில அவர் சித்திரங்களிலிருந்து மரத்திற் செதுக்கப்பெற்றவை. ரெனன்ற் 1848 செப்டெம்பரில், நிலவிரவொன்றிற் கோட்டைவாயிலருகேயுள்ள துறையிலிருந்து வடகிழக்கே ஓடத்திற் சென்று, 'பாடும் மீன்' எனப் புகழ்பெற்ற ஒலியைக் கேட்டார். பல சிற்றொலிகள் கூடிய இசையாக அதனை அவர் வருணித்துள்ளார். ஓடத்தின் பலகையிற் காதை வைத்தபோது அது மிகுந்தது. ஓடம் நகர நகர வேறுபட்டது. மாரிவெள்ளம் வாவியிற் புகுந்தால் ஒலி அடங்குமென்றும் அறிந்துகொண்டார். கேட்டு மகிழ்ந்ததோடு அமையாது, அது எழுமிடத்தையும் பருவத்தையும் குறித்துவைத்தமையே அவர் சிறப்பு.

அவ்வோசைக்கு மீனவர் காரணமாகக் காட்டியது மீனையன்று, ஊரியை. ஆதலின் அந்நூலில் வாவியின் இசைக்குரிய படமாக அமைந்தவை இரண்டு சிறிய ஊரிகளே. நீர்ப்பரப்பில்லை, நிலவில்லை, ஓடமுமில்லை. பொறுமையாக வரைந்த அவ்விரு ஊரிகளின் வரிகள் தெளிவாயுள்ளன. மட்டக்களப்பு மண்ணிற் பிறந்த விபுலாநந்த அடிகள் இதே இசையைச் செய்யுளாக்க முற்பட்டபோது நீரரமகளிரைப் பாடவைத்தார்.