இரு பெயருக்கு நடுவில் ஒரு கறுப்புக் கல்

ஆனந்த குமாரசுவாமியை நாம் நடராசர் வடிவத்துக்கு விளக்கம் சொன்னவராகவே அறிவோம். அதற்கு முன் அவர் நிலவியலாளர். 1903 முதல் சில ஆண்டுகள் இலங்கைக் கனிமவியல் ஆய்வுத்துறையின் தலைவராக இருந்தார். சபரகமுவ மாகாணத்தில், பலாங்கொடையை அடுத்த பம்பரபொட்டுவப் பகுதியின் இரத்தினச் சரளையில் கிடைத்த சிறு கறுப்புக் கனசதுரங்களை 1904இல் அவர் யுரேனியக் கனிமமான யுரேனினைட் என்று அடையாளம் கண்டார். அவற்றை லண்டன் இம்பீரியல் இன்ஸ்டிட்யூட்டில் பகுத்தாய்ந்த வின்ட்ஹாம் டன்ஸ்டன், பெரும்பகுதி தோரியம் ஆக்சைடு என்று கண்டு தோரியனைட் எனப் புதுப்பெயர் சூட்டினார். குமாரசுவாமி பிழையாகச் சொன்னார், டன்ஸ்டன் திருத்தினார் என்று ஒரே வரியில் இதை முடித்துவிடுவது வழக்கம். அந்த வரி அநியாயமானது என்பதே என் கருத்து.

காரணம் கல்லுக்குள்ளேயே இருக்கிறது. தோரியம் ஆக்சைடும் யுரேனியம் ஆக்சைடும் ஒரே அணு அடுக்கில் படிகமாகின்றன. ஒன்றின் இடத்தில் மற்றொன்று எந்த விகிதத்திலும் அமர முடியும். இரண்டும் கறுப்பு, இரண்டும் கனசதுரம், இரண்டும் கதிர்வீச்சு உடையவை. தண்ணீரைப் போல ஒன்பது மடங்குக்கு மேல் கனப்பதால்தான், சரளையைக் கூடையிலிட்டு அலசும்போது மணலும் களியும் ஓடிப்போக, இந்தக் குருணைகள் மாணிக்கத்தோடு அடியில் தங்கின. நீலக்கல்லுக்காகக் குழி வெட்டிய தொழிலாளரின் கைப்பழக்கம் இல்லையென்றால் லண்டனுக்கு அனுப்ப எதுவுமே இருந்திராது. இலங்கைக் கற்களில் யுரேனியமும் கணிசமாக உண்டு. அதன் அளவு கல்லுக்குக் கல் மாறும். இன்று தோரியம் மிகுந்தால் தோரியனைட், யுரேனியம் மிகுந்தால் யுரேனினைட் என்று பாதியில் கோடு போடுகிறோம். அந்தக் கோடு கல்லில் இல்லை. நம் ஏட்டில்தான் இருக்கிறது.

அப்படியானாலும் பகுத்தாய்வு செய்யாமல் பெயர் சொன்னது தவறுதானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. டன்ஸ்டனின் வேலை உண்மையான கண்டுபிடிப்பு என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் வடிவம், நிறம், எடை ஆகியவற்றை வைத்து முதல் அடையாளம் சொல்வதே களத்தில் நிற்பவரின் கடமை. இந்தக் கல்லில் அவை மூன்றும் யுரேனினைட்டையே சுட்டின. குடியேற்ற நாட்டுக் கனிமங்களைத் தலைநகருக்கு அனுப்பி ஆராய்வதற்கென்றே இருந்தது அந்த லண்டன் நிறுவனம். காஸ் விளக்கு வலைகளுக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது. கல் இங்கே, ஆய்வுக்கூடமும் சந்தையும் அங்கே என்ற ஏற்பாட்டில், பெயர் வைக்கும் வாய்ப்பும் அங்கேதான் இருந்தது. இதைத் தனி மனிதரின் குறையாக எழுதுவது எப்படிப் பொருந்தும்?

கல்லின் பிற்காலமும் இந்த வாதத்துக்குத் துணை நிற்கிறது. லண்டனில் வில்லியம் ராம்சேயின் ஆய்வுக்கூடத்தில், இலங்கைத் தோரியனைட்டிலிருந்து எடுத்த உப்பில் ரேடியத்தைப் பிரிக்க முயன்ற இளம் ஓட்டோ ஹான், 1905இல் எதிர்பாராமல் ரேடியோதோரியம் என்ற புதிய கதிரியக்கப் பொருளைக் கண்டார். பின்னாளில் அணுப்பிளவைக் கண்டவரின் கதிரியக்க ஆய்வு தொடங்கியது இந்தக் கல்லில்தான். ஒரு கிராம் கல்லிலிருந்து ஏறத்தாழ 9 கன சென்டிமீட்டர் ஹீலியம் வெளிவந்தது. தோரியமும் யுரேனியமும் சிதையச் சிதைய உள்ளே சேர்ந்த வாயு அது. அது சேரும் வேகத்தை இயற்பியலாளர் ஸ்ட்ரட் அளந்து, கல்லின் வயது 20 கோடி ஆண்டுக்குக் குறையாது என்று 1910இல் கணக்கிட்டார். கசிந்துபோன வாயு கணக்கில் வராததால் அது குறைந்தபட்ச வயதுதான். இலங்கையின் உயர்நிலப் பாறைகள் கடும் வெப்பத்தில் உருமாறியது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று இன்று அறிகிறோம். அக்காலத்தில் அருகே ஒட்டிக்கிடந்த மடகாஸ்கரின் தென்பகுதியிலும் இதே கனிமத்தின் யுரேனியம் கூடிய வகை கிடைக்கிறது. 1950களில் பிரெஞ்சுக்காரர்கள் அதைத் தோண்டியது, தோரியனைட் என்ற பெயரையும் மீறி, யுரேனியத்துக்காக.